கழுத்துக் கட்டின்னா உடனே கீறிடாதீங்க

மலேசியாவுல, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பட்டர்வொர்த்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் காலைல மகனை இழுத்துக்கிட்டு வந்து கழுத்தைக் காட்டுனாங்க. 6 வயசுப் பையன், கழுத்துக்கு நடுவுல கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம், சிவந்துபோய் இருந்துச்சு, மேல மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்ட பத்து காஞ்சு உதிர்ந்துகிட்டு இருக்கு, போதாததுக்கு பாட்டியோட தங்கச் சங்கிலி வேற கழுத்துல, ஏன்னா பாட்டி இது பொன்னுக்கு வீங்கிதான்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க. பொன்னுக்கு வீங்கி காதுக்குக் கீழ, தாடை ஓரத்துலதான் வீங்கும் பாட்டி, நடுக்கழுத்துல வராதுன்னேன்.

நான் ஈ.என்.டி, அதாவது காது மூக்கு தொண்டை, ஆப்பரேஷன் தியேட்டர்ல வருஷக்கணக்கா மிஸ்ஸியா, நர்ஸா, இருந்தவ. "தம்பி, பாட்டிக்கு நாக்கை நல்லா நீட்டிக் காட்டு"ன்னு சொன்னேன், அவனுக்கு ஒரே சந்தோஷம், நீட்டுனான், கட்டி விறுக்குன்னு மேல ஏறுச்சு. ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொன்னேன், அப்பவும் ஏறி இறங்குச்சு. அப்படி ஏறுனா தைரோகுளோசல் சிஸ்ட்டா இருக்க நிறைய வாய்ப்பு. வயித்துல கரு உருவாகும்போது தைராய்டு நாக்கோட அடியில இருந்துதான் கழுத்துக்கு இறங்கி வரும், வந்த வழி தானா மூடிக்கணும், சிலருக்கு மூடாம ஒரு குழாய் மாதிரி நின்னுடும், அதுல தண்ணி கோத்துக்கிட்டா கட்டி.

அப்புறம்தான் அக்கா மெதுவா சொன்னாங்க, 3 மாசம் முன்ன ஒரு கிளினிக்ல இதையே சீழ்க்கட்டின்னு சொல்லி கீறி விட்டாங்களாம். நான் அதிகமா பார்த்த தப்பே இதுதான். கீறுனா சீழ் போகும், பையோட தோலும் குழாயும் உள்ளேயே இருக்கும், மறுபடி ஊறும், சில பேருக்கு கீறுன இடமே ஆறாம ஒழுகிக்கிட்டே நிக்கும், உள்ள தழும்பு விழுந்து பின்னாடி சர்ஜன் பிரிச்சு எடுக்குறதும் கஷ்டம். சீழ் பிடிச்சிருந்தா முதல்ல ஆன்டிபயாடிக், ரொம்ப இறுகிப்போச்சுன்னா ஊசியால உறிஞ்சி எடுப்பாங்க, மூச்சுக்கே இடைஞ்சல்னா கதை வேற. எல்லாம் அடங்கி சில வாரம் கழிச்சுத்தான் ஆப்பரேஷன்.

அதுக்கு முன்னாடி கழுத்து ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், எடுக்காம சரின்னு தலையாட்டாதீங்க. சிலருக்கு தைராய்டு இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்காம பாதி வழியிலேயே நின்னிருக்கும், நாம கட்டின்னு நினைக்கிறதே அவங்களோட ஒரே தைராய்டா இருக்கும், அதைத் தூக்கிட்டா வாழ்நாள் பூரா மாத்திரைதான்.

ஆப்பரேஷன்லயும் கட்டியை மட்டும் எடுத்தா போதும்னு நினைக்காதீங்க. அந்தக் குழாய் ஹையாய்டு எலும்பை, அதாவது நாக்குக்கு அடியில கழுத்து மேல்பக்கம் இருக்கிற சின்ன எலும்பை, ஒட்டித்தான் போகும். வெறும் கட்டியை எடுத்தா கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப வரும். 1893ல ஷ்லாங்கேங்கிறவர் எலும்போட நடுப்பகுதியையும் சேர்த்து எடுத்தார், 1920ல மேயோ கிளினிக் சர்ஜன் சிஸ்ட்ரங்க் அதோட நிறுத்தாம நாக்கு அடிவரைக்கும் போற சதையையும் சேர்த்து எடுக்கணும்னு எழுதினார், இன்னைக்கும் அதுதான் முறை, திரும்ப வர்றது 100ல 10 பேருக்கும் கீழ. எலும்பை எடுப்பாங்கன்னதும் அக்கா அழுதுட்டாங்க, பையன் பேசுவானா சாப்பிடுவானான்னு. அந்தத் துண்டு போறதால பேச்சுக்கும் முழுங்குறதுக்கும் ஒண்ணும் ஆகாது அக்கா.

பக்கவாட்டுல வர்றது வேற ஜாதி. சளி பிடிச்சு ஒரு வாரத்துல தாடைக்குக் கீழ, கழுத்துச் சதை ஓரமா திடீர்னு பந்து மாதிரி வந்தா பிராங்கியல் சிஸ்ட்டா, அதாவது கரு உருவானப்போ கழுத்து ஓரத்துல தங்கிப்போன தண்ணிக்கட்டியா, இருக்கலாம், ஆனா எல்லாரும் நெறி கட்டியிருக்குன்னு விட்டுடுவாங்க, டிபி நெறியும் நம்ம ஊர்ல இருக்கே, அதையும் பார்க்கணும். இதுல எனக்கு ரொம்பப் பயம் 40 தாண்டுன ஆளுங்களைப் பார்த்தா. எங்க மாமா ஒருத்தர், 52 வயசு, வலியே இல்லாத கட்டி, "பொறந்ததுலேர்ந்து இருக்கிற தண்ணிக்கட்டியாம், கிளினிக்ல சொன்னாங்க"ன்னு தே தாரிக் குடிச்சுக்கிட்டு சொல்றார். அந்த வயசுல புதுசா வர்ற தண்ணிக்கட்டியை, இல்லைன்னு காட்டுற வரைக்கும் கேன்சர்னே வெச்சுத்தான் பார்க்கணும், டான்சில், நாக்கு அடி, தைராய்டு கேன்சரெல்லாம் நெறியில பரவி அச்சு அசலா சிஸ்ட் மாதிரியே நிக்கும், மூக்குக்குப் பின்னாடி வர்ற கேன்சரும் முதல்ல கழுத்துலதான் தலை காட்டும், அது சீனருக்கு அதிகம்னாலும் நமக்கு வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல. ஊசி டெஸ்ட் ஒரு தடவை சுத்தம்னு வந்தாலும் நம்பி உட்கார்ந்துடாதீங்க, தண்ணியை மட்டும் உறிஞ்சிருந்தா செல்லே வந்திருக்காது. மூக்கு வழியா ஸ்கோப், அந்த மெல்லிசான கேமரா குழாய், போட்டு தொண்டையைப் பார்த்தாங்களான்னு கேளுங்க. மாமாவை நாங்க இழுத்துக்கிட்டுத்தான் போனோம், டான்சில்லதான் இருந்துச்சு.

குழந்தைக்கு மூக்குத் தண்டுல ஒரு சின்ன ஓட்டை, அதுல ஒத்தை முடி நீட்டிக்கிட்டு இருந்தா பிதுக்காதீங்க, பிடுங்காதீங்க, அது டெர்மாய்டா, அதாவது கருவுலேயே தோல் உள்ள மாட்டிக்கிட்டு உண்டான கட்டியா, இருந்து சில நேரம் மூளை வரைக்கும் வழி போகும், எம்.ஆர்.ஐ எடுக்காம கை வைக்கவே கூடாது. காதுக்குக் கீழ தாடை முனையில திரும்பத் திரும்ப சீழ் வந்தா அங்கேயும் சட்டுன்னு கீற விடாதீங்க, முகத்து நரம்பு பக்கத்துலயே ஓடுது, கண்ட இடத்துல கீறினா வாய் கோணிடும். கைக்குழந்தைக்கு கழுத்துல மெத்துமெத்துன்னு பெருசா வீங்குறதுக்கு எப்பவும் கத்திதான்னு இல்ல, ஊசி மருந்து போட்டே சுருக்குறாங்க.

பையனுக்கு 2 மாசம் கழிச்சு நல்லபடியா முடிஞ்சுது. எடுத்ததை லேபுக்கு அனுப்புனாங்க, பெரியவங்கள்ல நூத்துல ஒண்ணு கேன்சரா இருக்கும், பிள்ளைங்களுக்கு அதைவிட அபூர்வம், ஆனா எடுத்ததைப் பார்க்கத்தான் செய்வாங்க. ரிசல்ட் வாங்குற தேதி தைப்பூச வாரத்துல விழுந்துச்சு, அக்கா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்த மும்முரத்துல சுத்தமா மறந்துட்டாங்க, தையல் ஆறிப்போச்சே இனி என்னன்னு அவங்களுக்கு. அடுத்த வாரம் நானே ஃபெரி ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். கேன்சர் இல்ல, எலும்புத் துண்டும் குழாயும் முழுசா வந்திருக்குன்னு போட்டிருந்துச்சு. அதை நான் ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனேன், பையன் மொட்டைத் தலையோட ஃபெரியில வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டிக்கிட்டே வந்தான்.