காபிக்கடை மக் சேர்க்க ஆரம்பிக்கிறீர்களா?

முதலில் ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். நான் நேரில் போன ஊரின் பெயர் போட்ட மக்கை மட்டும்தான் வாங்குவேன். ஸ்டார்பக்ஸ் காபிக்கடைகளில் ஊர்ப்பெயர் மக்குகளிலேயே பல வரிசைகள் உண்டு: 2013-இல் வந்த ‘யூ ஆர் ஹியர்’, அதற்குப் பிறகு வந்த ‘பீன் தேர்’. எல்லாவற்றையும் வாங்கினால் அலமாரி தாங்காது.

கடையிலேயே மக்கை உள்ளங்கையில் வைத்து, விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம். சத்தம் மழுங்கினால் எங்கோ கீறல் இருக்கும், வைத்துவிடுங்கள். கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

பயணத்தில் முதலில் உடைவது அந்தக் கைப்பிடிதான். என் முதல் மக்கை வெறும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தேன். பிரித்தபோது கைப்பிடி தனியே கிடந்தது. அன்று மனசே விட்டுப்போச்சு. இப்போது கைப்பிடி வளையத்துக்குள் ஒரு சாக்ஸைச் சுருட்டித் திணிப்பேன், மக்குக்குள் இன்னொன்று, மேலே ஒரு டி-ஷர்ட். பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் துணி இருக்க வேண்டும்.

தங்க, வெள்ளிக் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம், அடிப்பாகம் உரசி மெருகு போகும். வாங்கிய தேதியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மக்குக்குள்ளேயே போட்டுவையுங்கள்.