ஐப்பசி மழைக்குச் சித்திரையிலேயே வத்தல்

எங்கள் வீட்டில் கொத்தவரங்காயும் கத்தரிக்காயும் இல்லாத வாரமே கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடி அழுகி, சந்தையில் காய் விலை கையைக் கடிக்கும். முருங்கைக்காயைக் கேட்கவே வேண்டாம். அதனால் சித்திரை வெயிலில், காய் மலிவாகக் கிடைக்கும்போதே வத்தல் போட்டுவிடுகிறேன்.

கொத்தவரங்காய் இளசாக 2 கிலோ வாங்குங்கள். காம்பு கிள்ளி, முழுசாகவே கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போடுங்கள். பச்சை நிறம் லேசாக மங்கியதும் எடுத்துவிட வேண்டும். குழைந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை நன்றாக வடித்து, பழைய வெள்ளை வேட்டியில் பரப்பி 4 நாள் காய விடுங்கள். சாயங்காலம் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில்.

கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி, மஞ்சள்தூளும் சேர்த்து அரைவேக்காடு வேகவையுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

குழம்புக்கு வத்தலை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வத்தலிலேயே உப்பு இருப்பதால் குழம்பில் பாதி உப்பு போதும். புளிக்குழம்பு என்பதால் தக்காளியும் தேவையில்லை. அம்மா கத்தரி வத்தலோடு இரண்டு மாவத்தல், அதாவது காயவைத்த மாங்காய்த் துண்டு, போடுவார். கொதிக்கும்போது வரும் அந்தப் புளிப்பு மணத்துக்காகவே நான் மழையை எதிர்பார்த்திருப்பேன்.

அப்புறம், வத்தல் தீர்ந்துவிட்டால் சேனைக்கிழங்கு. முழுக்கிழங்காக மண்ணோடு நிழலில் வையுங்கள், வாரக்கணக்கில் கெடாது.