நீச்சல் தெரிந்தவர்கள் ராஃப்டிங் போவதற்கு முன்: நாகர்கோவிலிலிருந்து குடகுக்கு ஒரு வார இறுதி

குழித்துறை ஆற்றில் சிறுவயதிலேயே நீந்தப் பழகியவன் என்ற மிதப்போடு குடகுக்குப் போன நான், பாரபொளே ஆற்றில் படகிலிருந்து விழுந்த அரை நிமிடத்துக்குள் செய்யவே கூடாத ஒன்றைச் செய்தேன். இந்த விளக்கத்தை எழுதுவதற்கு அதுவே காரணம் என்பதால், அந்தப் பகுதி மட்டும் சற்று நீளமாக இருக்கும்.

முதலில் இடமும் காலமும். கோதையாறும் பரளியாறும் சேர்ந்து தேங்காப்பட்டணத்தில் கடலை அடையும் நம் ஆறு அழகானதுதான் என்றாலும், ராஃப்டிங்கிற்கு, அதாவது வேகமாக ஓடும் ஆற்றில் காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போவதற்கு, கன்னியாகுமரி மாவட்டத்தை விட்டு வெளியேதான் போக வேண்டும். தெற்குக் குடகில் பிரம்மகிரி மலைப்பகுதியில் ஓடும் பாரபொளே ஆற்றில் மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் படகு விடுவார்கள். ஆற்றின் வேகத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் கணக்கில் அது 2 முதல் 4 வரை வரும். மழை மிஞ்சினால் படகு இறக்கமாட்டார்கள் என்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை திருவனந்தபுரம் சென்று மலபார் அல்லது மாவேலி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தலச்சேரியில் இறங்கலாம். அங்கிருந்து இரிட்டி, கூட்டுபுழை வழியாக விராஜ்பேட்டைக்குச் சாலை செல்கிறது. நான்கு பேருக்கு மேல் இருந்தால் பேருந்தை நம்பாமல் வண்டி பேசிவிடுவது நல்லது.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். கொடுப்பதை வாங்கி மாட்டிக்கொள்ளாமல், கீழ்ப்பட்டையில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பிறகு நண்பர் ஒருவரை, இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் உங்கள் மூக்கு வரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. தலைக்கவசத்துக்கும் இதே பிடிவாதம் வேண்டும். காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பின்பட்டை உள்ள சாண்டல் போதும். துடுப்பின் மேல்நுனியில் உள்ள குறுக்குப்பிடியிலிருந்து உள்ளங்கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் இடிக்கும்.

இனி என்னைச் சறுக்கவைத்த படி. படகு ஒரு பாறையில் மோதி ஒருபுறம் தூக்கியபோது நான் தண்ணீரில் விழுந்தேன். கால் தரையில் தட்டியது, ஆழம் இடுப்பளவுதான். நம் ஊர் ஆற்றிலும் குளத்திலும் தரை தட்டினால் என்ன செய்வோமோ, அதையே செய்தேன், எழுந்து நின்றேன். நின்ற நொடியிலேயே வலது பாதம் இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. ஓடும் நீர் ஓய்வதே இல்லை. கால் மாட்டிக்கொண்டவனை முதுகில் தள்ளி முன்னால் கவிழ்த்து, முகத்தை நீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இடுப்பளவு நீரில், நீந்தத் தெரிந்தவர்கள் மூழ்குவது இப்படித்தான். சாண்டலின் பட்டை அறுந்து பாதம் உருவிக்கொண்டதால் பிழைத்தேன். கரையில் வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரியான முறை இது. விழுந்ததும் மல்லாந்து படுத்து, பாதங்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீர்ப்பரப்புக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால், எதிர்வரும் பாறையைப் பாதத்தால் உதைத்து விலகலாம். இடுப்பைத் தொங்கவிடக் கூடாது. பாறைகளுக்குப் பின்னால் நீர் அடங்கிக் கிடக்கும் இடம் தெரிந்தால், உடனே குப்புறத் திரும்பி அதை நோக்கிச் சாய்வாக வேகமாக நீந்துங்கள். கை தரையில் தட்டும் அளவுக்கு ஆழம் குறையும் வரை எழுந்து நிற்க வேண்டாம். பையில் அடைத்த மீட்புக் கயிறு எறியப்பட்டால் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும், பையை அல்ல. கயிற்றைத் தோளுக்கு மேலாக விட்டு, மல்லாந்தபடியே நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நீரோட்டத்தின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் விதி மாறும்: தலையை முன்னால் வைத்து அதை நோக்கி நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும், கால் முன்னால் போனால் கிளைகளுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லிக் கேட்டால் உடம்பு பழகாது. புறப்படுவதற்கு முந்தைய வாரம், ஒரு நீச்சல்குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு இருபது முறையாவது விழுந்து மல்லாந்து பழகுங்கள். சானலில் (பாசனக் கால்வாயில்) பழகலாமே என்று என் நண்பர்களே கேட்டார்கள். செங்குத்தான கரையும் மடைகளும் உள்ள சானலில் ஏறிவர இடம் கிடைக்காது என்பதால் வேண்டவே வேண்டாம்.

கூடாரத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. குடகு மழைக்கு மலிவான ஒற்றைத்துணிக் கூடாரம் பயன்படாது; மேலுறை தனியாக உள்ள இரட்டைத்துணிக் கூடாரம் வாங்குங்கள், அல்லது தோட்ட விடுதிக்காரரிடம் கூரைக்கு அடியில் இடம் கேளுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீர் அதில் விழுந்து உங்கள் முதுகுக்கடியில் தேங்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். ஆற்றோரம் எவ்வளவு ஆசை காட்டினாலும் மேட்டில்தான் படுக்க வேண்டும். விலையுயர்ந்த கயிறுகளைவிட, குளச்சலில் மீன்பிடிப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய நைலான் கயிறுதான் எனக்கு நன்றாக உழைத்தது. அட்டைகளுக்கு உப்பு எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுக்கு முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வற்றலும் காற்றுப்புகாத டப்பாவில் இருந்தால், மழையில் அடுப்பு பற்றாத இரவையும் சமாளிக்கலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டதால் சேர்க்கிறேன். கண்ணாடி அணிபவர்கள் அதன் இரு காதுக்கம்பிகளையும் இணைத்துத் தலைக்குப் பின்னால் இறுக்கமான நாடா கட்டிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிய நண்பர் ஒருவர் திரும்பும் வழியெல்லாம் ரயில் நிலையப் பெயர்களை என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். நீச்சலே தெரியாதவர்கள் வரலாமா என்றால், வரலாம். ஆனால் அதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, வேகத் தரம் குறைந்த பகுதியில் தொடங்குங்கள். என் அனுபவத்தில், எழுந்து நிற்கும் பழக்கம் இல்லாத அவர்கள் மல்லாந்து மிதப்பதை எங்களைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள்.

வீடு திரும்பியதும் கூடாரத்தைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். ஜூனில் நம் ஊரிலும் மொட்டைமாடி நம்பகமானதல்ல. மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் விரித்துப்போட்டு, தையல் ஓரங்கள் காய்ந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே மடியுங்கள்.