முயலுக்குப் பச்சைத்தழை: குறைந்த செலவில் தினமும் கொடுக்கும் முறை

இறக்குமதிப் புல்லின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், வெறும் பெல்லட்டும் (கடையில் விற்கும் குச்சித்தீனி) கேரட்டும் போட்டே முயல் வளர்ப்பவர்கள் நிறைய பேர். முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். நாருள்ள தீனியை மென்றால்தான் தேயும். அதனால் தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். கீரை, தழையெல்லாம் அதற்கு மேல்தான்.

1. புல்
அருகம்புல் போதும். நாய் நடமாடும் இடம், சாலையோரம், மருந்தடித்த வரப்பு வேண்டாம். பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். மண் வராது, மறுபடி தழைக்கும். மிஞ்சியதை நிழலில் நன்றாக உலர்த்திச் சாக்கில் வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும்.

2. சந்தை
உழவர் சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலையைச் சும்மாவே கொடுப்பார்கள். காலிஃபிளவருக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள், மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். அதையும் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், வயிறு உப்பும். சட்னிக்கு ஆய்ந்தபின் மிஞ்சும் கொத்தமல்லி, புதினாத் தண்டுகளை வீசாதீர்கள்.

3. பழக்குவது
நான் உட்பட எல்லோரும் திணறும் இடம் இதுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுத் தழை. முதல் நாள் இரண்டு இலை மட்டும், அப்புறம் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, தனித்தனியாக, உடைத்தால் உள்ளே புல்தூள் தெரிந்தால் சரி, அளவைக் கூட்டலாம். திராட்சைக் கொத்து போல மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது வேறு. அதை முயலே வாயால் எடுத்துத் தின்றுவிடும், அதன் உடம்புக்கு அது அவசியம். அந்தக் கொத்து தின்னாமல் கூண்டில் கிடந்தால் தீனியில் சத்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்; தழையைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். தண்ணீராகப் போனாலோ, தின்னாமல் புழுக்கையும் போடாமல் அரை நாள் கிடந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது.

பழகியபின் 2 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடித் தழை போதும்.

4. மாடியில் வளர்ப்பது
என் தேர்வு வேலிமசால் என்ற தீவனச்செடி. விதைத் தோல் கடினம். அப்படியே போட்டால் சரியாக முளைக்காது. 80 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. சத்து அதிகம் என்பதால் இதையும் அளவாகத்தான் கொடுக்க வேண்டும்.

5. கொடுப்பது
தட்டில் போட்டால் மிதித்து, மேலேயே சிறுநீர் கழித்துவிடும். சணல் கயிற்றில் கட்டி முகத்துக்கு நேரே தொங்கவிடுங்கள். தீனித்தொட்டியைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் கயிறு கூடாது, கடித்து விழுங்கிவிடும்.

பிற்சேர்க்கை: ஈரத்தழை கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அலசிய ஈரம் கெடுதல் இல்லை. ஈரத்தோடு குவித்து வைத்துச் சூடேறிய தழைதான் ஆபத்து, அதைக் கொடுக்கவே கூடாது. அகத்தி, முருங்கையில் சுண்ணாம்புச்சத்து அதிகம். வளர்ந்த முயலுக்குத் தினமும் வேண்டாம், சிறுநீர் சுண்ணாம்பாகக் கலங்கும். பசலை, தண்டுக்கீரை எப்போதாவது போதும். அரளி, எருக்கு, உண்ணிச்செடி, ஆமணக்கு, தக்காளி இலை, வெங்காயத்தாள் எதுவும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.