காசிமேட்டுக் கயிற்றில் டிஎன்ஏ ஒரிகாமி: வீட்டிலேயே செய்து பாருங்கள்

டிஎன்ஏ ஒரிகாமி என்றால் நீண்ட டிஎன்ஏ இழையைச் சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகளால் பிடித்து, வேண்டிய உருவத்தில் மடிப்பது. அதைக் கயிற்றில் செய்து பார்க்க, காசிமேட்டில் வலை சாமான் கடையில் 2 மில்லிமீட்டர் தடிமனில் நைலான் கயிறு இரண்டரை மீட்டர் வாங்குங்கள். கணக்கோடுதான் சொல்கிறேன்: ஒரு மில்லிமீட்டரை ஒரு நானோமீட்டர் என்று வைத்தால் டிஎன்ஏ இரட்டைச் சுருளின் தடிமன் 2, விஞ்ஞானி பால் ராத்மண்ட் 2006-ல் மடித்துக் காட்டிய வைரஸ் டிஎன்ஏ இழையில் 7,249 எழுத்துகள் (டிஎன்ஏவில் வரிசையாக வரும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), எழுத்துக்கு 0.34 என்றால் நீளம் சுமார் 2,460. ஆக உங்கள் கையில் இருப்பது அந்த இழையின் பத்து லட்சம் மடங்கு உருவம்.

முதலில் கயிற்றை 10 செ.மீ. வரிசைகளாகப் போகவும் வரவும் மடியுங்கள், 24 வரிசை வரும். கையை எடுத்தால் அவிழ்ந்துவிடும்.

அதனால் தையல். சின்ன நூலால் மூன்று வரிசையைச் சேர்த்துக் கட்டுங்கள். நிஜத்தில் இந்த நூலின் வேலையைச் செய்வது ஸ்டேப்பிள் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு: 32 எழுத்து, பக்கத்து வரிசைகளில் எட்டெட்டு, நடுவில் பதினாறு. மொத்தம் 200-க்கு மேல் வேண்டும்; நான் முப்பதிலேயே கை வலித்து விட்டுவிட்டேன். போட்ட முப்பதையும் இழுத்து இழுத்துக் கட்டியதில் பாய் மாதிரி இருக்கவேண்டியது முறுக்கிக்கொண்டது. பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணன், "இன்னா தம்பி, இப்டி இஸ்துக் கட்னா சுருட்டிக்காதா?" என்றார். சுருட்டிக்கொள்ளத்தான் செய்யும். சுருள் ஒரு சுற்றுக்கு சுமார் 10.5 எழுத்து, 16 எழுத்துக்கு ஒன்றரைச் சுற்று என்று கட்டினால் சுற்றுக்கு 10.67 ஆகிறது, அந்தச் சின்ன வித்தியாசத்திலேயே நிஜ டிஎன்ஏ செவ்வகமும் லேசாக முறுக்கிக்கொள்கிறது.

அடுத்து எழுத்து. ஸ்டேப்பிள் இழையில் ஒட்டுவது ஜோடி எழுத்தால்தான்: ஏ-க்கு டி, ஜி-க்கு சி. இழையில் ஜிஏடிடிசி இருந்தால் ஸ்டேப்பிளில் ஜிஏஏடிசி, ஏனென்றால் ஜோடி இழை எதிர்த்திசையில் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான், பென்சிலால் எழுதிப் பாருங்கள்.

இதுவரை நாம் தைத்தோம், சரி. ஆய்வகத்தில் யாரும் தைப்பதில்லை. நீண்ட இழை, அதைப்போல் பல மடங்கு ஸ்டேப்பிள், கொஞ்சம் மெக்னீசியம் உப்பு எல்லாம் ஒரே குழாயில். டிஎன்ஏ மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் வரிசைகள் ஒன்றையொன்று தள்ளும். மெக்னீசியம் அதை அடக்கும். 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால், தப்பாக ஒட்டியவை கழன்று சரியான ஜோடி கிடைத்தவை மட்டும் நிற்கும். மெதுவாக ஆறவிடுவதில் அவசரப்பட்டால் தப்பான ஒட்டலும் அப்படியே உறைந்துவிடும்.

கயிறு அலுத்துப்போனால் டிஎன்ஏ ஒரிகாமி வடிவமைக்க உதவும் கேட்நானோ மென்பொருளை இறக்குங்கள், இலவசம்தான். கோடு போட்டால் ஸ்டேப்பிள் எழுத்துகளை அதுவே கணக்கிட்டுத் தரும்.