கோடியக்கரை இடிந்த கோபுரம்: அளந்து பார்ப்பது எப்படி?

மலைக்காட்டில் தீ பார்க்கக் கோபுரம் கட்டுகிறவர்கள் முகட்டைத் தேடிப் போவார்கள். டெல்டாவில் முகடு ஏது? கரையில் நிற்கும் ஆளுக்குக் கடல்பரப்பு நாலரை கி.மீ. வரைதான் தெரியும். பத்து மீட்டர் ஏறினால் பன்னிரண்டு கி.மீ. தெரியும். அந்த உயரத்துக்காகத்தான் நம் கரையில் செங்கல்லை அடுக்கினார்கள்.

கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்துபோனது. இன்று மிஞ்சியிருப்பது அடிப்பகுதிதான். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் நேரே அங்கே போகாமல், முதலில் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் மனோரா கோபுரத்தைப் பாருங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814 வாக்கில் கட்டியது, முழுசாக நிற்கிறது. முழுக் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு, இடிந்ததில் எது சுவர், எது வெறும் குவியல் என்று சட்டென்று பிடிபடும்.

கையில் வேண்டியவை: ஐந்து மீட்டர் டேப், மூன்று மீட்டர் நூல்கயிறு, 30 செ.மீ. ஸ்கேல், நோட்டு, பென்சில், கணுக்கால் மூடும் ஷூ, ஒரு தடி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். வேலையைத் தொடங்குமுன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். டேப்பும் கையுமாகப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

முதல் வேலை, கிட்டே போகாமல் சுற்றி வருவது. தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கல் குவியல் நல்ல பாம்புக்கும் விரியனுக்கும் பிடித்த இடம். சுவர் நிழலில் உட்காராதீர்கள். உப்புத்தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறி, காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லைப் பொரியவைக்கும். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் அரித்து மெலிந்துபோகும். மேல்பகுதி மட்டும் தடிமனாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கத் திடமாகத்தான் இருக்கும், விழுவதும் அதுதான்.

அடுத்து சாந்து. பழைய சுண்ணாம்புச் சாந்து வெளிர்மஞ்சளாக, இடையிடையே வெள்ளைக் கட்டியும் கிளிஞ்சல் துணுக்குமாக இருக்கும். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது பிற்காலத்துச் சிமெண்ட் பூச்சு. பூச்சைச் சுற்றியுள்ள செங்கல் மட்டும் மாவாக உதிர்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது; அந்த ஈரம் பக்கத்துக் கல் வழியாக உப்போடு வெளியேறும். நல்லெண்ணத்தில் பூசியதுதான், ஆனால் கல்லைத் தின்றுவிடும். ஆணியால் கீறிப் பார்ப்பது, எலுமிச்சம்பழம் பிழிந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம், கண்ணே போதும்.

செங்கல்லின் உயரத்தை ஒற்றைக் கல்லில் அளந்தால் தப்பாகும், ஏனென்றால் கல்லுக்குக் கல் வித்தியாசம் இருக்கும். பத்து வரிசையைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். சாந்தோடு சேர்த்து ஒரு வரிசையின் உயரம் கிடைக்கும். சுவரின் இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு மாறினால், ஒரு பகுதி பிறகு கட்டியதோ என்று சந்தேகப்படலாம்.

வளைந்த சுவர்த்துண்டு மிஞ்சியிருந்தால் அதிலிருந்தே கோபுரத்தின் முழு வட்டத்தையும் கண்டுபிடிக்கலாம். வளைவின் உள்பக்கம் இரண்டு புள்ளிக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூலின் நடுவிலிருந்து சுவர் வரை உள்ள இடைவெளியை அளங்கள். நூல் நீளத்தின் வர்க்கத்தை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டினால் உள் ஆரம். நூல் 2 மீட்டர், இடைவெளி 12.5 செ.மீ. என்றால் ஆரம் 4.06 மீட்டர். இடைவெளியை ஒரு செ.மீ. குறைத்து 11.5 என்று எழுதிவிட்டால் 4.4 மீட்டர் என்று வரும். ஒரு செ.மீ. பிசகு முப்பது செ.மீ.க்கு மேல் இழுத்துவிடுகிறது பாருங்கள். சுவர் இடங்கொடுத்தால் நூலை மூன்று மீட்டராக்குங்கள், மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். நூல் தொய்ந்தாலோ, ஒரு முனை ஒரு வரிசை மேலே ஏறியிருந்தாலோ கணக்கு கெட்டுவிடும்.

படம் எடுக்கக் காலை ஏழு முதல் ஒன்பது வரை நல்லது. சாய்வெயிலில் வரிசையும் பள்ளமும் தனித்துத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொரு படத்திலும் ஸ்கேல் இருக்கட்டும். எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று உடனே குறியுங்கள், வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது. உதிர்ந்த கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை வரிசை போயிருக்கிறது என்று எண்ணிவிடலாம்.