சாப்பிட்டபின் நடை: சர்க்கரை குறைகிறதா என்று அளந்து பார்ப்பது எப்படி?

இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானபோது "நடங்கள்" என்றார் மருத்துவர். எப்போது நடந்தால் என் உடம்பு கேட்கிறது என்பதை அளந்துதான் கண்டுகொண்டேன். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு, விரல்களை நெருக்காத காலணி போதும். செயலிகளைவிட நோட்டையே நம்புகிறேன். ஒரு வாரக் கணக்கு ஒரே பக்கத்தில் கண்முன் நிற்கும்.

1. முதல் மூன்று நாள் நடக்காமல், ஒரே வேளை உணவுக்குப்பின் இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள்.

2. அளக்கும் நேரத்தில் கவனம் தேவை. இங்கேதான் நான் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டு முடித்ததிலிருந்து எண்ணினேன். முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். சில நாள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன், சில நாள் பேசிக்கொண்டே நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதனால் எண்கள் தாறுமாறாக வந்தன. நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. நடையே வீண் என்று விட்டுவிட இருந்தேன்! கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்பால் கழுவித் துடையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் எண் பொய்யாக உயரும். விரல் நுனியின் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. பலருக்கு இலக்கு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழ். உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

3. நான்காம் நாளிலிருந்து, சாப்பிட்டுச் சற்று நேரத்தில் 15 நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். இயங்கும் தசை இன்சுலின் உதவியில்லாமலும் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். இன்சுலின் சரிவர வேலை செய்யாத நம் உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நாளுக்கு இரு நடை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால், உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடுகிறது.

4. வாரம் இரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி.

5. இரவில் பாதங்களைப் பாருங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது.

பின்சேர்க்கை: நடக்கும்போது கை நடுங்கி வியர்த்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். உடனே நின்று 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாமல், நோட்டுடன் மருத்துவரிடம் போங்கள்.